நாலு புள்ளி ரெண்டு

மன்னார்குடியில், உரக்கடை மாடியில்,
யூரியா வாடை ஏறிவரும் அறையில்
எனக்கு இரண்டு கிளைகள்.
ஒன்றில் எதையும் உடைக்கலாம்,
கலைத்து அடுக்கலாம், யாரும் போன் செய்யமாட்டார்கள்.
மற்றது நாலு புள்ளி ரெண்டு:
தொண்ணூற்று மூன்று கொள்முதல் நிலையங்களில்
தராசுக்கும் ரசீதுக்கும் நடுவே
மூன்று போகமாக முனகாமல் ஓடுவது.

அதில் ஒரு வரி அசிங்கமாக இருந்தது.
எடைக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிவந்தால்
நறுக்கிவிட்டு மேலே போ என்னும் வரி.
ஏன் என்று எழுதவில்லை.
எழுதிய எமல்டா இப்போது ஓசூரில்.
கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

தை ஒன்பது, இரவு பதினொன்றே முக்கால்.
அனுப்பவேண்டியது ஒரு சின்னத் திருத்தம்.
போகிற போக்கில்
அந்த வரியையும் துடைத்தேன்.
சோதனைகள் எல்லாம் பச்சை,
நாற்றங்கால் பச்சை.
தூங்கிவிட்டேன்.

காலையில் கோட்டூர்ப் பக்கமிருந்து
பில் கிளார்க் அருள்செழியன்:
"சுபைதா மேடம், மூட்டை நாற்பது கிலோ.
ரசீது சைபர்ங்குது."

பழைய தராசுகள் எல்லாம் கடைமடையில் இருந்தன,
எண்ணோடு ஓர் இடைவெளியையும் துப்புகிறவை.
என் மேசையில் இருந்தது
புதுத் தராசு.

பழையபடி மாற்ற எனக்கு நாலு நிமிடம்.
அது சிக்னல் இல்லாத ஊர்களுக்குப் போய்ச்சேர
பிற்பகல் மூன்று.
மழை ஒன்றேகாலுக்கே வந்துவிட்டது.

களத்தில் இருநூற்றுப் பதினாறு மூட்டை.
தார்ப்பாய் பாதிக்குத்தான்.
சைபர் கிலோ மூட்டைகள்
நனைந்து
கனத்தன.

மறுநாள் ஈரப்பதம் இருபத்துமூன்று.
பதினேழுக்கு மேல் எடுக்கமாட்டார்கள்.
நெல்லைத் திரும்பச் சாலையில் கொட்டி,
காலால் கோடு கிழித்துக்கொண்டே
பக்கிரிசாமி கேட்டார், கோபமே இல்லாமல்:
"கம்ப்யூட்டருக்கு என்னம்மா ஆச்சு?"
சர்வர், என்றேன்.
ஓர் இடைவெளியை எடுத்துவிட்டேன் என்று
எப்படிச் சொல்வது.

வரி திரும்ப வந்துவிட்டது.
தலையில் ஒரு குறிப்பு:
கோட்டூர், மூன்றாம் தராசு. தொடாதே.

ரசீதின் அடியில்
'நண்றி' என்று அச்சாகிறது.
தெரியும். தினமும் கண்ணில் குத்துகிறது.
விரல் போகிறது, திரும்புகிறது.
அறுப்பு முடியட்டும்.