ஒரு மூட்டைக் கணக்கு

எரிவாயு உருளைகள் இரண்டும்
புறவாசல் சேற்றில் சாய்ந்து நிற்கின்றன,
கடைசிப் படகைத் தவறவிட்ட இருவர் போல.
அவற்றுக்கு ஒரு மேடை வேண்டும்.
ஒரு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம்,
நாலு விரல் கனம்.
ஒரு மூட்டை சிமெண்டில் மிச்சமே இருக்கும்.

ஆனால் தெற்குச் சிலேயின் இந்தத் தீவில்
கான்கிரீட் கலப்பது பற்றி
அபிப்பிராயம் இல்லாதவர் இன்னும் பிறக்கவில்லை.

மிக்சர் மெஷினை வாடகைக்கு எடு என்றான்
என் தங்கை கணவன் ரிகோபெர்த்தோ.
நாள் வாடகை, பெட்ரோல்,
மேட்டில் இழுத்துவர அவன் வண்டி,
வண்டி வந்ததற்கு அவனுக்கொரு மதியச் சாப்பாடு.
முடிந்தபின் டிரம்மைக் கழுவ
கலந்ததைவிட அதிகத் தண்ணீர்.

எல்லாம் கலந்தே வரும் மூட்டை உண்டு, தண்ணீர் மட்டும் போதும்
என்றான் இரும்புக்கடைப் பையன்.
அதில் ஐந்து வேண்டும்.
பேருந்து ஓட்டுநர் ஒன்றுக்கே முகம் சுளிப்பார்.

ட்ரில்லில் துடுப்பு மாட்டிக் கலக்கலாமே என்று தொடங்கிய ஃப்ரெஸ்யா
தன் ட்ரில் போன கோடையில் புகைந்து செத்தது நினைவுக்கு வந்து
பேச்சை வானிலைக்குத் திருப்பினாள்.

ரெடிமிக்ஸ் லாரிக்காரன் போனில்
எத்தனை கன மீட்டர் என்றான்.
சொன்னேன்.
பக்கத்தில் இருந்தவனுக்கும் சொல்லிச் சிரித்தான்.

எனக்கு மிக்சரில்தான் மனசு.
ஐம்பத்து மூன்று வயது இடுப்புக்கு
அதுதான் நியாயம்.
ஆனால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
நோல்பெர்த்தோ தூங்குகிறான்.
சால்மன் ஆலையில் இரவு வேலை அவனுக்கு.
காலை எட்டு மணிக்குச் செதில் ஒட்டிய பூட்ஸைப் படியில் விட்டு
ஜன்னலில் போர்வையைத் தொங்கவிடுவான்.
ஞாயிறு மட்டும் விடுமுறை.
ஞாயிறென்றால் மழை.
(திங்களும் மழைதான், அது வேறு.)

ஆகவே மண்வெட்டி.

தரையில் பழைய ஒட்டுப்பலகை.
ஒரு வாளி சிமெண்ட், இரண்டு மணல், மூன்று ஜல்லி.
உலர்ந்தபடியே புரட்டினேன்,
மூன்றும் தத்தம் நிறத்தை மறக்கும்வரை.
நடுவில் குழி பறித்து நீர் விட்டு
ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே சரித்தேன்.
பலகையில் இரும்பு உரசும் ஒவ்வொரு முறையும்
நிறுத்தி, அந்த ஜன்னலைப் பார்த்து,
மறுபடி ஒரு வெட்டு.
திருடன்கூட இத்தனை பயந்திருக்க மாட்டான்.

தண்ணீரில்தான் கை நழுவும்.
இன்னும் ஒரு குவளை விட்டால்
கலவை இளகும், கை இளைப்பாறும்.
விட்டேன்.

போர்வை விலகியது.
பிளாஸ்டிக் செருப்போடு வந்து நின்றான்.
எழுப்பிவிட்டேனா என்றேன்.

"எதுின்னு கேளுங்க, சத்தமில்லை.
நிறுத்தி நிறுத்திச் சுரண்டுகிறீர்களே, அது.
அடுத்தது எப்போது, அடுத்தது எப்போது என்று
கண் மூடவே முடியவில்லை.
மிக்சர் ஓட்டியிருந்தால் அசந்திருப்பேன்.
கன்வேயர் பக்கத்தில் நின்றபடியே தூங்குகிறவன் நான்."

குனிந்து, கலவையில் ஒரு பிடி அள்ளி
மில்காவ் செய்யத் துருவிய உருளைக்கிழங்கைப் பிழிவதுபோல் பிழிந்தான்.
விரலிடையே சாம்பல் நீர் வழிந்தது.
"தண்ணி ஜாஸ்தி, எதுவினா."
மிச்சச் சிமெண்டையும் மணலையும் தூவி
நிறுத்தாமல் இருபது வெட்டு வெட்டினான்.
பலகைச் சட்டத்துக்குள் இருவரும் தள்ளி நிரப்பினோம்.
கட்டையால் இழுத்துச் சமன் செய்தேன்.
கொட்டாவியோடு திரும்பியவன்
ஈர மூலையில் கால் வைத்தே
வீட்டுக்குப் போனான். அவன் கவனிக்கவில்லை.

கொத்துக்கரண்டி என் கையில்தான் இருந்தது.

நாற்பது நாளைக்கு ஒருமுறை
உருளை மாற்ற வரும் பையன்
காலியானதைத் தூக்கியதும் கேட்பான்:
இது யார் செருப்பு?
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பேன்.