ஸ்கேனருக்குச் சிவப்பு தெரியாது

பட்டர்வொர்த் கிளினிக்கின் பின்கட்டு.
ஏர்கோன் செத்துப்போன அறை.
நாற்பத்தோராயிரம் அட்டை.
மார்ச்சுக்குள் அத்தனையும் கணினிக்குள் போகணும் என்று
புத்ராஜெயாவிலிருந்து கடிதம்.

நானும் கூ சியூ பெங்கும்.
அவள் ஸ்டேப்ளர் ஊசி பிடுங்குவாள்,
நான் பெயர் தட்டுவேன்.

முதல் நாளே தகராறு.
பெயர்க் கட்டத்துக்குச் சாய்கோடு ஆகாதாம்.
ஏ சாய்கோடு எல் என்று அடித்தால்
செல்லாத எழுத்து என்று
மல்லுக்கு நிற்கிறது திரை.
எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும்
அப்பனுக்கு முன்னால் நிற்பது அந்த ஒற்றைக் கோடுதான்.
எடுத்துவிட்டேன்.
மகனும் தகப்பனும் ஒட்டிக்கொண்டு
ஒரே ஆளாக உள்ளே போனார்கள்.

அதற்குப் பிறகு ஐசி எண்ணைத்தான் நம்பினேன்.
பன்னிரண்டு இலக்கம்.
பாதி அட்டைகளில் அதுவும்
காப்பிக் கறைக்கு அடியில்.

ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம் கழிந்து,
வீரபுத்திரன். தகப்பன் கொளஞ்சி.
பிறை தொழிற்சாலையில் காவல் வேலை.
அட்டையின் தலைமாட்டில்
எண்பத்தொன்பதில் யாரோ ஒரு நர்ஸ்
சிவப்புப் பேனாவால் மலாயில் எழுதியிருக்கிறாள்:
பெனிசிலின் கூடாது.
கீழே இரண்டு கோடு.
தாள் கிழிய இருந்த அழுத்தம்.
எதையோ கண்ணால் பார்த்துவிட்டு வந்த கை.

ஸ்கேனில் வைத்தேன்.
எங்கள் மெஷின் கறுப்பு வெள்ளை,
மலிவு டெண்டர்.
திரையில் அந்த இடத்தில்
மழை நனைத்த சுவர்போல
லேசான சாம்பல்.

சியூ பெங் எட்டிப் பார்த்தாள்.
"ஒவ்வாமைக் கட்டம் கட்டாயமில்லையே."
வாஸ்தவம். நட்சத்திரம் போடாத கட்டம்.
வெறுமையாய் விட்டாலும் பச்சை டிக் விழும்.
நாளுக்கு முந்நூறு அட்டை எங்கள் கணக்கு.

எழுத்தெழுத்தாகத் தட்டினேன்.
நிமிர்ந்தால்
நாடா ஒட்டி அடுக்கிய பெட்டிகள்.
பதினோராயிரம் ஏற்கெனவே போயாயிற்று.
அதில் எத்தனை சிவப்பு?

அன்றுமுதல் நாளுக்கு நூற்றைம்பதுதான்.
காரணம் கேட்டு மேலாளர் ஹஸ்மான் கடிதம் கொடுத்தார்.
ஓர் அட்டையையும் அதன் ஸ்கேனையும்
அருகருகே ஒட்டித் திருப்பி அனுப்பினேன்.
பதில் வரவில்லை.
புது ஸ்கேனரும் வரவில்லை.
இரண்டாவது கடிதமும் வரவில்லை.

சனிக்கிழமைகளில் பெட்டிகளைப் பிரித்தோம்.
சியூ பெங்கை நான் கூப்பிடவில்லை.
ஒரு பை பாவ் வாங்கிக்கொண்டு
அவளாக வந்து உட்கார்ந்தாள்.
தமிழ் தெரியாது, என் ஆட்களின் பெயர் வாயில் நுழையாது.
சிவப்பு தெரியும்.

ஆகஸ்டில் வேறெதற்கோ
தணிக்கைப் பதிவை இறக்கினேன்.
யார், எந்தக் கோப்பை, எப்போது திறந்தார்கள்.
பெயர் இருக்காது, எண் மட்டும்.
ஒரு எண் எனக்கு மனப்பாடம்.

தீவுப் பெரியாஸ்பத்திரி, அவசரப் பிரிவு.
விடியற்காலை 2.14, கோப்பு திறப்பு.
2.15, எச்சரிக்கை காட்டப்பட்டது.
2.15, மருந்து ரத்து.
2.17, மாற்று மருந்து.

அவ்வளவுதான் எழுதியிருந்தது.
எப்படிப் பாலம் தாண்டிப் போனார்,
நெஞ்சுச் சளியா, காலில் புண்ணா,
வாய் திறந்து சொல்லும் நிலையில் இருந்தாரா,
அந்த நேரத்தில் விழித்திருந்த ஹவுஸ்மேன்
கொட்டாவிக்கு நடுவே திரையைப் பார்த்தது எப்படி,
ஒன்றும் தெரியாது.
பார்க்கவும் கூடாது.
நான் திறந்தால் என் எண்ணும் விழும்
2.17க்குக் கீழே, காரணமில்லாமல்.

மூடிவிட்டு வந்தேன்.

இன்னும் நான்கு பெட்டி பாக்கி.
இன்றைக்கு ஸ்டேப்ளர் ஊசி
சியூ பெங்கின் கட்டைவிரலில் ஏறிவிட்டது.
யாருடைய அட்டையிலோ ஒரு சொட்டு.
பென்சிலால் பக்கத்தில் குறித்துவைத்தோம்:
இது மை அல்ல.