பற்சக்கரம்

லோரோங் கூலிட் சந்தையில்
சோற்றுப்பானை மூடிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
கவிழ்ந்து கிடந்தது ரயில்.
முந்நூறு வெள்ளி என்றான் ஆ ஹோக்.
எழுந்து நடந்தேன்.
நூற்றெண்பதுக்குக் கூப்பிட்டான்.
முடுக்கச் சாவி இல்லையே என்றேன்.
சாவி இருந்தால் உனக்கா விற்பேன் என்று சிரித்து
சீன நாளிதழில் சுற்றிக் கொடுத்தான்.

எனக்குத் தொழில் பல் கட்டுவது.
ஜெலுத்தோங் கடைவீட்டு மாடியில்
முகம் பார்த்திராத வாய்களுக்கு
மெழுகில் செதுக்கி, உலோகத்தில் வார்த்து,
பதினாறு நிறங்கள் கொண்ட அட்டையோடு ஒப்பிட்டு
அனுப்பிவைப்பேன்.
கட்டியது தெரியக் கூடாது.
இருபத்திரண்டு வருஷமாய் இந்த ஒரே சட்டம்.

படத்தைப் பார்த்தே ஓட்டல்காரர் அழைத்தார்:
வரவேற்பறைக்கு வேண்டும்,
சிவப்பாக, பளபளவென்று, கண்ணாடிப் பெட்டிக்குள்.
ஓட வேண்டியதில்லை.
தெலுக் பஹாங்கில் நாற்பது எஞ்சின் வைத்திருப்பவர்
பெயின்டைத் தொட்டால் பாதி விலை போச்சு என்றார்,
துருவையும் துடைக்காதீர்கள்.
ஃபெரியின் எஞ்சின் அறையில் வேலை பார்த்துவிட்டு
டீசல் வாடையோடு வந்த திருமேனி
சட்டையைக் கழற்றாமலே சொன்னான்:
ஓடாத ரயிலுக்கு அலமாரின்னு பேர்.

மூன்று பேரும் சரியாகத்தான் சொன்னார்கள்.
அதனால் மூன்று வாரம்
ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தேன்.

மழை பெய்த ஓர் இரவு,
ஓட்டலுக்கு விலை சொல்லிவிடலாம் என்று
லென்சுக்கு அடியில் வைத்தேன்.
தகரத்தில் நெளிவு, சக்கரத்தில் தலைமுடி,
பச்சை உரிந்த இடத்தில் சிவப்பு.
புகைபோக்கி மட்டும் ஈயம்.
அதில் ஒரு கடி.

புதிதாய் முளைத்த முன்பல்லின் விளிம்பில்
மூன்று சின்ன மேடுகள் இருக்கும்,
ரம்பம்போல.
ஓரிரு வருஷத்தில் தேய்ந்துபோகும்.
மூன்றும் பதிந்திருந்தன.
பக்கத்துப் பல் விழுந்த இடம் வெறுமை.
ஏழு வயதிருக்கும், அதிகம் போனால் எட்டு.
வலது கையில் பிடித்துக் கடித்திருக்கிறது,
கோபத்திலோ, ருசி பார்க்கவோ.
ஈயம்.
அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்க வேண்டும்
என்று இத்தனை காலம் கழித்து
யாரிடம் வேண்டிக்கொள்வது?

பிறகுதான் கவனித்தேன்.
கடிக்குள்ளும் பச்சை.
சிவப்பின் மேல் பச்சை பூசிய ஒருவர்
மெல்லிய தூரிகையால்
ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் போய்த் தடவியிருக்கிறார்.
ஒரு துளி மக்கு போட்டிருந்தால் மூடியிருக்கும்.
போடவில்லை.
ஆக, இந்தக் கேள்வி எனக்கு முன்பே
வேறொரு மேசையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது.

வயிற்றைத் திறந்தேன்.
பற்சக்கரத்தில் ஒரு பல் இல்லை.
சிரிப்பு வந்தது.

யாரோ ஒருவரின் கிரீடத்தில் மீந்த உலோகம்,
ஒரு நெல்மணி அளவு.
மெழுகு, வார்ப்பு, அரம்.
நிறம் பார்க்கவில்லை.
மஞ்சள் பித்தளை வரிசையில் அது
வெள்ளையாய்த் துருத்திக்கொண்டு நிற்கிறது,
நாளை திறக்கிறவருக்குத் தெரியட்டும் என்று.

சாவி வளைத்தது திருமேனி.
சாப்பாட்டு மேசையில் விட்டோம்.
கிச்சாப் போத்தலை இடித்து,
தண்டவாளம் இல்லாத கோபத்தோடு
பக்கவாட்டில் சுற்றியது.
பழைய சத்தம் மாதிரி இல்லையே என்றான்.
பழைய சத்தத்தை நீ எப்போது கேட்டாய் என்றேன்.

ஓட்டல்காரர் மறுபடி அழைத்தார்:
புகைபோக்கி கடிபட்ட மாதிரி இருக்கிறதே,
அதை மட்டும் சரி பண்ணிவிடலாமா?
மாதிரி இல்லை, கடிபட்டதுதான் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.
இன்னும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கிளினிக்கிலிருந்து ஒரு வாய் வந்தது.
முன்பல் இரண்டு, நிறம் ஏ-மூன்று.
கட்டியது தெரியக் கூடாது என்று
சிவப்பு மையில் அடிக்கோடு.
சரி என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.