சவத்து மழை

படம் கிடைக்கவில்லை.
நாற்பத்தொரு வருஷம் அவர் அனுப்பிய கடிதங்களோடு
கிணறு வந்தது, புல் வேய்ந்த பள்ளிக்கூடம் வந்தது,
வரிசையாய் நிற்கும் பிள்ளைகள் வந்தார்கள்.
அவர் வரவில்லை. எடுத்தவர் அவர்தானே.
ஆகவே தம்பியின் கலியாண ஆல்பத்தில்
பந்தியில் குனிந்து பப்படம் நொறுக்குகிற ஒருவரை
வெட்டி, பெரிதாக்கி, மாலை போட்டு
மாங்கோட்டுவிளை ஆலயத்தில் நாற்காலிமேல் வைத்தோம்.
மிஷனெரி தாசையன்.
பிறந்தது இங்கே. அடக்கம் அங்கே.

நான் அவரிடம் பேசியது இரண்டு முறை.
என் அரிசியை ஆயுசுக்கும் தின்றார்.
அப்படிச் சொல்வதும் சரியில்லை.
உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து டின்னில் போடுவேன்,
என்னைப்போல் அறுபது வீடு.
சம்பா, ரேஷன், வெள்ளை, குறுணை
எல்லாம் கலந்ததை யார் பொங்குவார்?
ஞாயிறு ஏலத்தில் கோழி வளர்க்கிற செல்லத்துரை எடுப்பான்.
அந்தத் தீவன விலைதான்
மணியார்டராய் வடக்கே போனது.

பெண்கள் சங்கத்தில் கடிதம் வாசிப்பது நான்.
எனக்குக் குரல் கணீரென்று இருக்கும்.
தொண்ணூற்றொன்று, ஜூன். இன்லண்டின் மடிப்பில்:
"ரூத் காய்ச்சலில் கர்த்தரிடம் போனாள், வயது நாலு.
கிணற்றில் இருபத்திரண்டு அடியில் பாறை. ஜெபியுங்கள்."
இரண்டுக்கும் ஒரே குரல் கொடுத்து
வாசித்துவிட்டேன்.
பாறைக்காக ஜெபித்தோம்.
பிறகு ஒரு வருக்கைச் சக்கை ஏலத்துக்கு வந்தது.
முப்பத்தைந்து ரூபாய்க்குக் கேட்டு எடுத்தவள்
நான்தான்.

நினைவுக் கூட்டத்துக்கு அவர் மனைவி வரவில்லை,
தடுப்பூசி முகாம் இருக்கிறதாம்.
மூன்று ரயில் மாறி சூர்ஜா பஹாடியா வந்திருந்தார்.
ஐம்பது வயது இருக்கும். எங்கள் புழுக்கத்திலும்
கழுத்து மஃப்ளரைக் கழற்றவில்லை.
இந்தி தெரிந்த பட்டாளம் பாலையன் பக்கத்தில் நின்றார்.
ஆயர் இருபது நிமிஷம், தம்பி பத்து.
தியாகம் என்ற சொல் பதினோரு தடவை,
எண்ணினேன், வேறென்ன செய்ய.
சூர்ஜா மைக்கைப் பிடித்த நேரம்
ஓட்டின்மேல் மழை இறங்கியது.
அவர் அண்ணாந்து பார்த்தார். பிசிறில்லாமல்
எங்கள் ஊர் நாக்கில் சொன்னார்:
"சவத்து மழை. நிக்காதுடே."

கடைசி பெஞ்சில் ஒரு பையன்தான் முதலில் சிரித்தான்.
அப்புறம் எல்லாரும். ஆயரும்.
சிரித்துக்கொண்டே இருந்த தம்பி
துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

பாலையன் மொழிபெயர்த்தார்:
எங்கள் பாஷையில்தான் பேசுவார், பிரசங்கிப்பார், சண்டை பிடிப்பார்.
மழைக்கு மட்டும் இந்தப் பாஷை.
பிள்ளைகள் நாங்கள் அதை மந்திரம் என்று நினைத்தோம்.
இப்போதும் கார் இருண்டால் மலை முழுக்கச் சொல்லும்.

லீவு முடிந்து போகையில் சாக்கில் சுற்றி
மரச்சீனிக் கம்பு கொண்டுவந்தாராம்.
முதல் வருஷம் பன்றி தின்றது. மறுவருஷம் பனியில் கருகிற்று.
மூன்றாவதாக ரூத்தின் குழியோரம் நட்டார்,
பிடித்துக்கொண்டது.
அவரையும் அங்கேதான் வைத்தோம் என்றார்.
இதைப் பாலையன் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று,
முதல் தடவை தொண்டை வரவில்லை.

"ரூத்து யாரு?"
பக்கத்திலிருந்த கனகபாய் என் காதில் கேட்டாள்.
அன்றைக்கும் அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள்.

இனிப் பிடியரிசி காம்பவுண்டு சுவருக்கு என்று
கமிட்டி தீர்மானம்.
அந்த வாரத்து அரிசியை நான் ஏலத்துக்கு விடவில்லை.
செல்லத்துரை முறைத்தான். முறைக்கட்டும்.
மறுநாள் காலை இரணியல் ஸ்டேஷனில்
பையோடு சூர்ஜா கையில் கொடுத்தேன்.
அவர் அவிழ்த்து, நாலு மணி எடுத்து
பச்சையாகவே வாயில் போட்டு மென்றார்.
தலையசைத்தார், நல்ல அரிசி என்பதுபோல.
கோழிக்குப் போடுவது என்று சொல்ல
எனக்கு இந்தி தெரியாது.

வண்டி நகர்ந்தபோது தூறல் விழுந்தது.
ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி
நனையவிட்டு, என்னைப் பார்த்தார்,
இந்த முறை
நான் சொல்ல வேண்டும் என்பதுபோல.