ஒன்றரைப் பேர்

தோட்டத்தில் பேர் என்றால் சம்பளம்.
நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப் பேர்,
பெரட்டுக்குப் பிந்தினால் பேரே இல்லை.
அம்மாவின் பேரைச் செக்ரோலில் எழுதியவர்
அவளை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

என்னிடம் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

கந்தப்பளையில் உரக்கடைக்கு மேல் மாடி.
புதன் இரவு தூங்கினால் வியாழன் போச்சு.
மூன்று மணிக்குத் தம்புள்ளைக்கு ஒரு கோல்,
கெப்பெட்டிபொலவுக்கு ஒன்று,
நுவரெலியாவில் மூட்டை இறக்கும் ஜெயசீலனுக்கு ஒன்று.
லீக்ஸ் என்ன, கரட் என்ன,
கோவா விற்கிறதா, லொறியிலேயே அழுகுகிறதா?
ஐந்து மணிக்கு மின்னஞ்சலில் மடல் போய்விடும்.
கடைசியில் மழையைப் பற்றி இரண்டு வரி.

முதல் மடலுக்குப் பதினொரு பேர்.
அதில் மூன்று பேர் நானே.

மழை வரிகளுக்காகவே படிக்கிறேன் என்று
டோஹாவில் இருந்து ஒருவர் எழுதினார்.
லோகிதராஜா. இராகலையில் கால் ஏக்கர் கரட்.
அங்கே அப்போது இரவு இரண்டரை,
ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருப்பார்,
விலையைப் பார்த்துவிட்டு
இங்கே மனைவியை எழுப்புவார்.

இரண்டு வருடம் எல்லாம் சும்மா.
சும்மா என்றால்
குருநாகலில் கார்மெண்டுக்குப் போகும் அக்காவின் காசு.
உரக்கடை சண்முகநாதன் வாடகை கேட்கமாட்டார்.
படியில் நின்று இருமுவார்.

அந்த இருமலுக்குள்தான் தவசீலன் ஏறி வந்தார்,
மூன்று லொறிக்குச் சொந்தக்காரர்.
"மாதம் நாற்பதாயிரம்.
ஒரு எழுத்தும் மாத்த வேணாம்.
எனக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் முந்தி."

நாலு வியாழன் அனுப்பினேன்.
வாடகை கட்டினேன். போன் மாற்றினேன்.
அக்காவுக்கு ஒரு சாரி.

ஐந்தாவது வியாழன் கரட் ஒரே இரவில் இரட்டித்தது.
நாலு மணிக்கு அவருக்கு. ஐந்து மணிக்கு ஊருக்கு.
ஆறரைக்கு ஒரு பதில்:
"அக்கா, உங்க வெல வர்றதுக்கு முந்தியே லொறி வந்துருச்சு.
பழைய வெலைக்கே குடுத்தாச்சு.
மழைக்கு முன்ன போனதே நல்லது."
கீழே: பத்மசுலோச்சனா லோகிதராஜா.

திட்டியிருந்தால் பதில் எழுதியிருப்பேன்.

அடுத்த மடலில் விலை கொஞ்சம்தான்.
செய்ததை எழுதினேன், நாலும் ஒன்றும் ஐந்து தடவை என்று.
தவசீலனுக்கு மீதிக் காசைத் திருப்பியதையும்,
மழையையும்.
இனி மாதம் நூற்றைம்பது ரூபாய்,
முடியாதவர்கள் கட்ட வேண்டாம்,
மணி எல்லோருக்கும் ஐந்து.

இருநூற்று ஆறு பேர் விலகினார்கள்.
தொண்ணூற்று நாலு பேர் கட்டினார்கள்.
பதினாலாயிரத்து நூறு.
வாடகை ஒன்பதாயிரம், கோலுக்கும் டேட்டாவுக்கும் மூவாயிரத்து நூறு.
மிச்சம் இரண்டாயிரம்.
தோட்டக் கணக்கில் சொன்னால்
மாதம் முழுக்க உழைத்து
ஏறக்குறைய ஒன்றரைப் பேர்.

அம்மா சிரித்தாள். "அரை போட்டானுகளே, அதுவே பெருசு."

அது போன சித்திரை.
இப்போது கட்டுகிறவர்கள் இருநூற்று நாற்பது.
வெலிமடை விதைக்கடை மாதம் ஒரு விளம்பரம் தருகிறது,
கொழும்பு ஹோட்டல் ஒன்று ஐயாயிரம் கட்டிவிட்டு
எல்லோரோடும் ஐந்து மணி வரை காத்திருக்கிறது.
ஜெயசீலனுக்கு ஒரு கோலுக்கு இருநூறு கொடுக்கிறேன்,
வாங்க வெட்கப்பட்டார், பிறகு வாங்கிக்கொண்டார்.
சண்முகநாதன் இன்னும் இருமுகிறார்.
அது நிஜ இருமலாம்.

கட்டுகிறவர்களில் பத்மசுலோச்சனா இல்லை.
விலகியவர்களிலும் இல்லை.
ஐந்து மணிக்கு அனுப்பினால்
ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்குத் திறக்கிறாள்,
யாரும் எழுப்பாமலே போலிருக்கிறது.
அந்த மடலைப் படித்தாளா, விலையை மட்டும் பார்த்தாளா
என்று இந்தத் திரை சொல்லாது.

"விலக விரும்பினால் இங்கே அழுத்தவும்" என்ற வரி
அடியில் எறும்பளவு இருந்தது.
போன கிழமை
அதைக் கரட் விலைக்குச் சமமான எழுத்தில் போட்டேன்.