கோல் அடித்தவர்

நீல அட்டை நோட்டு.
முன்னாலிருந்து புரட்டினால் லீக்,
தலைகீழாய்த் திருப்பிப் பின்னாலிருந்து புரட்டினால் கோப்பை.
இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது
பேரணாம்பட்டு யுனைடெட்டின் செயலாளர் வேலை.
சம்பளம் கிடையாது.

மற்ற நாட்களில் தொழிற்சாலையில் தோல் எண்ணுகிறேன்.
உப்புத் தோல், ஈரத் தோல், நீலத் தோல்.
ஒன்று குறைந்தால் மாலைக்குள் கேள்வி வரும்.
ஞாயிறு காலை பதினொன்று எண்ண நின்றால்
ஒன்பதில் நின்றுவிடும்.
ஒருவன் ஓவர்டைம், ஒருவன் மச்சினன் கல்யாணம்.

வாணியம்பாடியில் இரண்டுக்கு ஐந்து.
காட்பாடியில் கணக்கே திறக்கவில்லை.
அரக்கோணத்துக்கு முதல் ரயில் பிடித்துப் போய்
ஒரு டிரா வாங்கி வந்தோம், ஒரே ஒரு புள்ளி.
கேப்டன் பட்டையைக் கழற்றாமல் தூங்கிய முனிரத்தினத்தை
காட்பாடி வரை யாரும் எழுப்பவில்லை.

செலவு: பந்துக்குக் காற்று, இருபது ரூபாய்.
சோடா. ஃபயாஸின் கணுக்காலுக்குக் கட்டு.
கோடு போடச் சுண்ணாம்பு இலவசம்,
தோல் ஊறிய குழியிலிருந்து அள்ளியது.
எங்கள் பெனால்டி கட்டத்துக்குள் நுழைந்தவன்
பந்தைப் பார்ப்பானா, மூக்கைப் பொத்துவானா?
ஜெயித்த இரண்டு ஆட்டமும் அப்படித்தான்.
வெளியே சொல்வதில்லை.

நோட்டைத் திருப்புகிறேன்.
முதல் சுற்றில் வாலாஜா. பெனால்டியில் முடிந்தது.
தஸ்தகீர் வலப்பக்கம் பாய்ந்தான், பந்து இடப்பக்கம் வந்தது,
பின்தங்கிப்போன கால் ஒன்று தடுத்தது.
காலிறுதியில் குடியாத்தம்.
எபினேசர் முதுகில் பட்டு உள்ளே போனது,
தலையால் முட்டினேன் என்று இன்றுவரை சாதிக்கிறான்.

அரையிறுதி ஆம்பூரோடு, எங்கள் திடலில்.
அதற்கு முந்தின இரவு
மலட்டாறு தன் பெயரை மறந்துவிட்டது.
நரியம்பட்டுத் தரைப்பாலம் எங்கே என்று
கம்பு ஊன்றித் தேடவேண்டியிருந்தது.
அக்கரையில் வேனுக்குள் ஆம்பூர்க்காரர்கள்,
மஞ்சள் ஜெர்சி போட்டபடி.
இக்கரையில் நாங்கள் பிளாஸ்டிக் கவர் தலையோடு.
நடுவே ஒரு வாழைமரம் நிமிர்ந்தபடி மிதந்து போனது.
அவர்கள் கோல்கீப்பர் கை ஆட்டினான்.
தஸ்தகீரும் ஆட்டினான்.

மூன்றாம் நாள் கமிட்டிக் கடிதம்:
ஆம்பூர் வராததால் மூன்றுக்கு சுழியம் என எங்களுக்கு வெற்றி.
படிவத்தில் கோல் அடித்தவர் பெயர் நிரப்பி அனுப்பவும்.
பையன்களுக்குள் அடிதடி.
ஒன்றையாவது என் பேரில் எழுது என்று
எபினேசர் பிரியாணிக்குக் காசு நீட்டினான்.
பிரியாணி சாப்பிட்டேன்.
எழுதியது வேறு.

இறுதி ஆட்டம் வேலூரில். நான்கு வாங்கினோம்.
ஆம்பூர் வந்திருந்தால் இரண்டோடு தப்பித்திருக்கும்
என்றார் பக்கத்தில் வேர்க்கடலை தின்றவர்.
உண்மைதான் என்று நானும் இரண்டு கடலை எடுத்துக்கொண்டேன்.

லீக்கில் கடைசி ஆட்டம்.
ஒரு புள்ளி கிடைத்தால் இதே பிரிவில் நிற்கலாம்.
எதிரே அதே மஞ்சள் ஜெர்சி.
தரைப்பாலத்தில் காய்ந்த சேறு மட்டும் மிச்சம்,
வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது.
சத்தமில்லாமல் இரண்டு கோல் போட்டார்கள்.
இரண்டாவதுக்குக் கை தட்டக்கூட இல்லை,
அதுதான் உறுத்தியது.

எல்லாம் முடிந்து, நோட்டின் நடுப்பக்கத்தில்
லீக்கின் கடைசி வரியும்
கோப்பையின் கடைசி வரியும்
தலைகீழாய் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தபோது
அவர்கள் கோல்கீப்பர் சோடாவோடு பக்கத்தில் வந்து குந்தினான்.

"அன்னிக்கு எங்களுக்கு மூணு கோல் போட்டீங்களாமே.
யாருப்பா அடிச்சது?"

ஒரு பக்கம் பின்னால் தள்ளிக் காட்டினேன்.
விரல் வைத்துப் படித்தான்.
கோல் அடித்தவர்: ஆறு.

"மூணு கோலுக்கு ஆறு பேரா?"

நான் பதில் சொல்லவில்லை.
அவன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.
மணல்.
பிறகு சோடா புரையேறும்வரை சிரித்தான்.