வாயும் வயிறும்

ஹுலியாக்கா பஸ் நிலையத்தில்
விடியுமுன்னே ஊர்ப் பெயர்களைக் கூவுவேன்:
அரெக்கிப்பா, அரெக்கிப்பா, கிளம்புது, கிளம்புது!
கிளம்பாது.
இன்னும் ஒன்பது இருக்கை காலி.
எனக்கும் தெரியும், பயணிக்கும் தெரியும்.
ஏற்றும் தலைக்கு ஒரு சோல் கமிஷன்.
வாய்தான் என் கடை.

நாலாம் மாதம்.
டீசல் புகைக்குக் குமட்டல்,
கோழி வறுக்கும் வாசத்துக்கு ஓட்டம்.
காலையில் ரொட்டி, சர்க்கரை தூக்கலாய்த் தேநீர்.
மத்தியானம் ஊறிப்போன நூடுல்ஸ்.
இரவு மறுபடி தேநீர்.
வயிறு நிரம்பினால் போதும் என்றிருந்தேன்.
சாக்கு நிரம்பினால் போதாதா,
உள்ளே என்ன என்று யார் பார்க்கிறார்கள்?

செவிலி மகாலி பார்த்தாள்.
விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று என்றது கருவி.
பரவாயில்லையே என்றேன்.
இரு, என்றாள்.
காற்று மெலிந்த ஊரில்
ரத்தம் தன்னைக் கூட்டிக் காட்டும்,
உயரத்துக்குக் கழிக்க வேண்டும்.
கழித்தாள்.
ஒன்பது சொச்சம்.
சிரித்துவிட்டேன்:
இந்த மலையும் கமிஷன் பிடிக்கிறதே!

அவள் சிரிக்கவில்லை.
இரும்பு மாத்திரை அட்டையைக் கையில் திணித்தாள்.
ஈரல், பயறு, கீரை, முட்டை என்று
மூச்சு விடாமல் கூவினாள், என்னைவிட வேகமாக.
வலித்தது ஒன்றுதான் நினைவில் நின்றது:
சாப்பாட்டோடு தேநீர் ஆகாது.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.
உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளக்
கரைத்து வைப்போமே, சாக்கோ மண்,
அதில் ஒரு கட்டி என் பையில்.
கரைக்காமல், கிழங்கில்லாமல்,
பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே
திருட்டுத்தனமாய்க் கடிப்பேன்.
முதல் மழை விழுந்த சுவரின் வாசம் அதற்கு.
விட முடியவில்லை.

எஃப்ராயின் தங்கச் சுரங்கத்திலிருந்து பேசுவான்:
நன்றாகச் சாப்பிடு.
எதை, எப்போது, எவன் காசில் என்று கேட்பதற்குள்
சிக்னல் போய்விடும்.

எதிர்க் கம்பெனிக்காரி ரோஸ்மேரி.
போன வாரம்தான்
என் பயணிகள் இருவரை
மூட்டையோடு இழுத்துக்கொண்டு போனாள்.
என் உதட்டில் வெள்ளையைப் பார்த்து நின்றாள்.
மண்ணா? என்றாள்.
நான் வாயைத் துடைத்தேன்.
என் இரண்டாவதுக்கு நான்
செங்கல்லைச் சுரண்டித் தின்றேன், என்றாள்.
அது பசி இல்லையடி, ரத்தம் அழுகிற அழுகை.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் டப்பா.
உதிர்த்துப் பொரித்த கோழி ரத்தம்,
வெங்காயம், புதினா,
அடியில் வேகவைத்த கினோவா.
மேலே எலுமிச்சையைப் பிழிந்தாள்.
என் தேநீர்க் கோப்பையை எடுத்து
என் கண்ணெதிரே அவளே குடித்தாள்.

முதல் நாள், பஸ்ஸின் பின்சக்கரத்துக்கே எல்லாம்.
இரண்டாம் நாள் மூன்று கரண்டி தங்கியது.
மூன்றாம் நாள் நான் இரண்டு முட்டையும்
வறுத்த மொச்சையும் கொண்டுபோனேன்,
அவளிடம் கடன் வைப்பதாவது!
பிறகு ஏரி மீன் வந்தது,
ஒரு நாள் ஆரஞ்சு, ஒரு நாள் வெறும் பாலாடைக்கட்டி,
ஒரு நாள் அவளுக்கும் வியாபாரம் இல்லை, ஒன்றும் இல்லை.
மூட்டைகள் மேல் உட்கார்ந்து மெல்லுவோம்.
அந்தப் பத்து நிமிடம்
நிலையத்தில் எந்த ஊருக்கும் பெயர் கிடையாது.

சாக்கோ கட்டி எப்போது பையிலிருந்து போனது?
தொலைத்தேனா, தின்று தீர்த்தேனா, தெரியவில்லை.

ஏழாம் மாதம் மறுபடி விரல்.
பத்து புள்ளி எட்டு.
கழிக்கும் முன்பா, கழித்த பின்பா என்றேன்.
கழித்த பின்பு, என்றாள் மகாலி.
இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும்.

ஓடி வந்தேன், அவளிடம் சொல்ல.
டப்பா என் மூட்டை மேல் இருந்தது.
திறந்து, வாய் நிறையப் போட்டுக்கொண்டு
அரெக்கிப்பா என்று தொடங்கினேன்,
'அ'வுக்கு மேல் வரவில்லை.
அதற்குள் குடும்பமாய் வந்த நாலு பேரை
அவள் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

திட்டலாம்.
மென்று முடிக்கட்டும்.